காலிக் குடோனுக்கு வந்த வாடகை

பர்வீன்,

நீ குவைத்துக்குப் போய் இன்னும் ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. தினமும் வீடியோவில் பார்த்துப் பேசிக்கொள்கிறோம் என்றுதான் பெயர், ஆனால் அதில் நான் பேசுவது எங்கே? உன் அம்மா போனைக் கையில் வாங்கிவிட்டால் நீ வைத்த குழம்பின் நிறத்தைப் பார்த்தே புளி கூடிப்போச்சு என்று சொல்லும் அளவுக்கு உள்ளே போய்விடுகிறாள். கடைசியில் எனக்குக் கிடைப்பது "அத்தா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்ற கேள்வியும், "போட்டேம்மா" என்ற பதிலும்தான். அதற்குள் மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பும் நேரம் வந்துவிடுகிறது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நான் வைத்திருப்பதை இந்த அவசரத்தில் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் பள்ளிவாசலில் இளைஞர்கள் சேர்ந்து நடத்துகிற மாத இதழுக்கு, டோக்கன் முதலீட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொல்லிக் கடைக்கே வந்துவிட்டார்கள். பெயின்ட் கடைக்காரனுக்குக் கட்டுரை எங்கே வரும், என் மகளுக்குக் கடிதம் எழுதச் சொன்னால் எழுதுவேன் என்றேன். "அப்ப மகளுக்கே எழுதுங்க பாய், நாங்களும் படிச்சுக்கிடுதோம்" என்றார்கள். ஆகையால் உனக்கு முன்பே தெரிந்த விஷயங்களும் இதில் வரும். பொறுத்துக்கொள்.

மகாராஜபுரத்தில் உன் அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் அவர்களுடைய அத்தா விட்டுப்போன தென்னந்தோப்பைப் போன வருடம் விற்றோம் அல்லவா? ஓலையெல்லாம் வெள்ளை ஈ பிடித்துக் கறுத்துப்போய், காய் வெட்ட ஆளும் கிடைக்காமல், அக்காளும் தங்கையும் சேர்ந்தே எடுத்த முடிவு அது. விற்ற பணத்தில் அவளவளுக்கு உரியது அவளவள் கணக்கில் விழுந்தது. வட்டி வாங்கும் பழக்கம் நம் வீட்டில் என்றைக்கும் இருந்ததில்லை என்பதால் வைப்புநிதியில் போடும் பேச்சே எழவில்லை. பணம் பாங்கில் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற பணத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு, மூடி திறந்து வைத்த பெயின்ட் டப்பாவைப் பார்க்கிற மாதிரி ஒரு பதற்றம் வரும். காய்ந்து போவதற்குள் எதிலாவது அடித்துவிட வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் பிரகாஷ் கடைக்கு வந்தான். விருதுநகர்ப் பையன், மரியாதையாகப் பேசுவான். பெரிய கட்டடங்களைச் சின்னச் சின்னப் பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் டோக்கன் என்று பெயர் வைத்துப் போனிலேயே விற்கும் கம்பெனி ஒன்றின் ஆள். கோயம்புத்தூரில் ஆபீஸ் கட்டடத்தின் ஒரு மாடி, சென்னையில் ஒன்று என்று படம் படமாகக் காட்டினான். எனக்கு அதெல்லாம் ஒட்டவில்லை. கடைசியாக ஒரு படத்தைக் காட்டி, "இது நம்ம ஊர்ப் பக்கம் சார்" என்றான். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, கிருஷ்ணன்கோவிலுக்கும் அப்பால், மதுரை ரோட்டின் மேலேயே புதிதாகக் கட்டிய குடோன். நூல் மில்காரர்களுக்கும் பஞ்சு வியாபாரிகளுக்கும் ரோட்டோரத்தில் அப்படி ஓர் இடம் தேவைப்படும் என்பது எனக்கே தெரியும். நமக்கு எத்தனை டோக்கன் இருக்கிறதோ அதற்குத் தக்க வாடகை மாதம் பிறந்ததும் கணக்கில் வந்துவிடும் என்றான். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு மாதாமாதம் வாடகை போயிருப்பதையும் காட்டினான்.

வாடகை என்ற அந்த ஒரு சொல்லில் நான் விழுந்துவிட்டேன் அம்மா. வட்டி இல்லை, வாடகை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். "வாடகை வாங்குறது மார்க்கத்துல கூடும் பாய். ஆனா வர்றது வாடகைதானான்னு நீங்கதான் பாத்துக்கிடணும்" என்றார். அவர் சொன்னதில் முதல் பாதி மட்டும் என் காதில் நின்றது. அன்றைக்கே பள்ளிவாசலில் நண்பர்கள் மூன்று பேரிடம் இதைப் பற்றிப் பெருமையாகப் பேசினேன். ரோட்டோரச் சொத்து, கையகலப் பங்கு, வீட்டில் உட்கார்ந்தபடி வாடகை என்று நான் பேசிய பேச்சைக் கேட்டிருந்தால் பிரகாஷே எனக்குச் சம்பளம் கொடுத்திருப்பான். அவர்களில் சுல்தான் பாய் அந்த வாரமே கொஞ்சம் பணம் போட்டுவிட்டார். மற்ற இருவரும், "நீங்க போட்டதும் சொல்லுங்க பாய், நாங்களும் போட்டுருதோம்" என்றார்கள். செவ்வாய்க்கிழமை அனுப்புவதாகப் பிரகாஷிடம் சொல்லிவைத்திருந்தேன். உன் அம்மாவின் பங்கு மொத்தத்தையும்.

சனிக்கிழமை நீ மதுரையிலிருந்து வந்தாய். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒரு வாரம் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்த களைப்பு முகத்தில் இருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே உள்ளுக்குள் தயாராகிவிட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெற்றவர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். உங்களுக்கு இதெல்லாம் புரியாது, யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவீர்கள் என்று நீ சொல்லியிருந்தால், என் கதை அன்றைக்கே வேறு மாதிரி முடிந்திருக்கும். வீம்புக்காகவே திங்கட்கிழமை காலையில் பணத்தை அனுப்பியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

நீ அப்படிச் சொல்லவில்லை. தட்டில் இருந்த முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டே, "எனக்கும் இது தெரியாதுத்தா. ரெண்டு பேரும் சேந்து படிப்போமா?" என்றாய். பர்வீன், உனக்கு எத்தனையோ தடவை பாடம் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்திருக்கிறேன். உன்னோடு சேர்ந்து படிக்க உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கடிதம் முழுவதும் என்று வைத்துக்கொள்.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் எறும்பு அளவு எழுத்தை எல்லாம் படித்துப் பழகியவள் நீ. போனில் இருந்த விவரங்களை அதே மாதிரி பெரிதுபண்ணிப் படித்தாய். நடுவில் நிறுத்தி, "அத்தா, இதுல நாம வாங்குறது என்ன?" என்று கேட்டாய்.

"குடோன்ல ஒரு பங்கு."

"பங்குன்னா பத்திரத்துல அம்மா பேரு வருமா?"

வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். வருமா என்று எனக்கே தெரியவில்லை. உடனே பிரகாஷுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாய். அவன் ஒளிக்கவில்லை. "பத்திரம் ஒரு தனிக் கம்பெனி பேர்ல இருக்கும் மேடம். இந்தக் குடோனுக்குன்னே ஆரம்பிச்ச கம்பெனி. அதுல உங்களுக்கு எம்புட்டுப் பங்குங்கிறதுக்கு அத்தாட்சிதான் டோக்கன். யாரும் அழிச்சு எழுத முடியாதபடி கம்ப்யூட்டர்ல பதிவாயிரும்" என்றான். அழித்து எழுத முடியாதது டோக்கன் கணக்கு, சரி, ஆனால் அந்தக் கம்பெனி குடோனை அடமானம் வைத்தால் டோக்கன் என்ன செய்யும் என்று கேட்டாய். "அதுக்கு டோக்கன் வெச்சிருக்கிறவங்க பெரும்பாலானவங்க ஓட்டுப் போடணும் மேடம்" என்றான். இதையெல்லாம் மேற்பார்வை பார்க்க அரசாங்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு மட்டும் கொஞ்சம் தயங்கி, "டோக்கனுக்குன்னு தனியா விதிமுறை இன்னும் முழுசா வரல. வந்ததும் நாங்க அதுக்குள்ள வந்துருவோம்" என்றான். அவனைக் குறுக்குக் கேள்வி கேட்டு மடக்குகிற தொனியே உன்னிடம் இல்லை. மருந்து வாங்க வந்தவரிடம் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பாயே, அந்தக் குரலில் கேட்டாய். அதனால்தான் அவனும் உள்ளதைச் சொன்னான் என்று நினைக்கிறேன்.

வில்லங்கச் சான்றை நீயே இணையத்தில் எடுத்துப் பார்த்தாய். அதில் ஒரு குறையும் இல்லை. நிலம் அவன் சொன்ன கம்பெனி பேரில் சுத்தமாக இருந்தது. "பாத்தியா, நான்தான் சொன்னேன்ல" என்று எனக்கு ஒரே சந்தோஷம். நீயும் சிரித்தாய். பிறகு, "அவசரமாப் பணம் வேணும்னா நம்ம டோக்கனை யார் வாங்குவா?" என்றாய். போனிலேயே விற்கிற பொத்தான் இருக்கிறது என்றேன். "பொத்தான் இருக்குத்தா. அமுக்குனா அந்தப் பக்கம் வாங்குறதுக்கு ஒரு ஆள் வேணும்ல?"

அப்போதுதான் எனக்கு எங்கள் பழைய கடைக் கட்டடம் ஞாபகம் வந்தது. உனக்கு அதுவரை அந்தக் கதை தெரியாது. என் அத்தாவும் அவருடைய அண்ணனும் தம்பியும் மூன்று பேரும் சேர்ந்து வாங்கிய கட்டடம் அது. அந்தத் தம்பி, அதாவது என் சின்ன சச்சாவுக்கு, மகள் கல்யாணத்துக்குப் பணம் தேவைப்பட்டபோது, தன் பங்கை விற்கலாம் என்று ஆள் தேடினார். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் முன்னாலும் பின்னாலும் நடந்து பார்த்துவிட்டு, "இதுல உங்க மூணாவது பங்கு எதுங்க? படிக்கட்டா, மாடியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வெளியாள் ஒருவனும் வாங்கவில்லை. கடைசியில் என் அத்தாவும் பெரியத்தாவும்தான் ஆளுக்குக் கொஞ்சமாகப் புரட்டிக் கொடுத்துத் தம்பியின் பங்கை வாங்கிக்கொண்டார்கள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கூடப் பிறந்தவர்கள் என்பதால் நடந்தது. இதைச் சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினேன். இந்தக் குடோனில் எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யார்? முகம் தெரியாத ஆயிரம் பேர். அவர்களும் என்னைப் போல விற்க வேண்டிய நிலையில் இருக்கும் நாளில் அந்தப் பொத்தானை அமுக்கி என்ன பலன்? நீயோ, என்னை நானே பார்த்துக்கொள்ள விட்டுவிட்டு டீ போடப் போனாய்.

மறுநாள் காலையில், "எதுக்கும் ஒரு தடவை போயிப் பாத்துட்டு வந்துருவோம்த்தா" என்றாய். உன் அம்மாவும் தங்கச்சியைப் பார்க்கலாம் என்று கிளம்பினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னம்மா வீட்டில் அவளை இறக்கிவிட நினைத்தோம். அவளோ, "நானும் வாரேன், அதையும்தான் பாப்போமே" என்று காரிலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குடோன் படத்தில் இருந்தது போலவே இருந்தது. நல்ல உயரம், நல்ல கூரை, முன்னால் லாரி திரும்ப இடம். கட்டியவன் சரக்கு தெரிந்து கட்டியிருக்கிறான். கேட்டில் இருந்த காவலாளி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"பாய், சரக்கு வைக்கவா வந்திருக்கீங்க?"

"பாக்க வந்தோம் அண்ணாச்சி. உள்ள பாக்கலாமா?"

"தாராளமாப் பாருங்க. யாரு வந்தாலும் தெறந்து காட்டச் சொல்லித்தான் கம்பெனிக்காரவுக சொல்லியிருக்காக."

ஷட்டரைத் தூக்கினார். நீ கூரையைப் பார்த்தாய், தீயணைப்புக் குழாயைப் பார்த்தாய், ஜன்னலைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். முப்பது வருடமாகச் சுவருக்கும் தரைக்கும் பூசுகிற சரக்கைத்தான் விற்றுக்கொண்டிருக்கிறேன். அந்தத் தரையில் பூசியிருந்தது நம் கடையிலும் விற்கிற பூச்சு. பஞ்சுப் பொதியை ஒரு தடவை இழுத்தால் போதும், அதில் கீறல் விழுந்துவிடும். தள்ளுவண்டிச் சக்கரம் போனால் கறுப்புத் தடம் பதிந்துவிடும், துடைத்தாலும் போகாது. அங்கே ஒரு கோடு இல்லை. கண்ணாடி மாதிரி கிடந்தது. பூசிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே.

"அண்ணாச்சி, இதுக்கு முன்னால இங்க யாரு சரக்கு வெச்சிருந்தா?" என்று கேட்டேன்.

"இன்னும் யாரும் வரல பாய். ரெண்டு மூணு பேரு வந்து பாத்துட்டுப் போயிருக்காக. வருவாக."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். மாதாமாதம் வாடகை போயிருப்பதாகக் காட்டினானே, அந்த வாடகையை யார் கொடுத்தது? நாம் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைத்தான் நினைத்தோம். அங்கே நின்றபடியே பிரகாஷுக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை நானே பேசினேன். "தம்பி, குடோன் காலியா இருக்கே. வாடகை எங்கிருந்துப்பா வருது?"

"முதல் வருஷம் வாடகைக்குக் கம்பெனியே உத்தரவாதம் குடுத்திருக்கு சார். டோக்கன் வித்த பணத்துல அதுக்குன்னு ஒரு தொகையைத் தனியா எடுத்து வெச்சுருவாங்க. விவரக் குறிப்புல போட்டிருக்கு. ஆள் வந்ததும் நிஜ வாடகை வரும்" என்றான். போட்டுத்தான் இருந்தது. அன்றைக்கு மாலையில் அந்த வரியை நாம் தேடிக் கண்டுபிடித்தோம். நான் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து எனக்கே மாதம் மாதம் திருப்பிக் கொடுத்து, அதற்கு வாடகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது, எல்லாம் எழுதித்தான் இருக்கிறது. ஆனால் நான் தேடிப்போன வாடகை அது இல்லை. ஹஜ்ரத் சொன்னதில் நான் காதில் வாங்காத அந்த மறுபாதி, அந்தக் கண்ணாடித் தரையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்குக் கேட்டது.

எனக்கு முகம் வாடிவிட்டது. பணம் போகாமல் தப்பித்ததே என்ற நிம்மதியைவிட, பள்ளிவாசலில் பேசிய பேச்செல்லாம் ஞாபகத்துக்கு வந்து கூச்சமாக இருந்தது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தாய். "நானா இருந்தா கூரையைப் பாத்துட்டு, சூப்பர்னு சொல்லிட்டு வந்திருப்பேன். தரையைப் பாக்கத் தெரிஞ்சது உங்களுக்குத்தான்" என்றாய். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாயா, உண்மையாகவே சொன்னாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எதுவானாலும் நன்றி. தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

ஆனால் அன்றைய பெரிய விஷயம் அதற்குப் பிறகு, சின்னம்மா வீட்டில் நடந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நானும் சின்னம்மா வீட்டுக்காரரும் குடோனைப் பற்றிப் பேசினோம், பணத்தை அடுத்து எதில் போடலாம் என்று பேசினோம். நீ திடீரென்று, "அம்மா, பணம் உங்களோடது. நீங்க ஒண்ணுமே சொல்லலியே?" என்று கேட்டாய். எனக்குக் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அவளுடைய அத்தா கொடுத்த தோப்பு, அவள் கணக்கில் கிடக்கிற பணம். பிரகாஷிடம் கேட்டேன், ஹஜ்ரத்திடம் கேட்டேன், நண்பர்களிடம் கேட்டேன். அவளிடம் கேட்கவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை பர்வீன், அந்த நினைப்பே எனக்கு வரவில்லை.

உன் அம்மா சின்னம்மாவுக்கு ரசத்தை ஊற்றிவிட்டு, பிறகு சொன்னாள்: "இவுக சந்தோசமாச் சொன்னாக, சரின்னு இருந்தேன். என்னையக் கேட்டா, நான் போட்ட எடத்துக்கு நானே போயிப் பாக்கணும். கதவைத் தட்டுனா உள்ள ஆளு இருக்கணும். அவுககிட்ட ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, வாடகையை வாங்கிட்டு வரணும். அம்புட்டுத்தான்."

சின்னம்மா உடனே, "அப்ப நானும் வாரேன்க்கா. ரெண்டு பேரும் சேந்தே வாங்குவோம்" என்றாள். அந்த நிமிடத்தில் அந்த ரெண்டு பேர் முகத்திலும் வந்த வெளிச்சத்தை நீயும் பார்த்தாய். நீ கேட்கவில்லை என்றால் நான் அதைப் பார்க்காமலே போயிருப்பேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நண்பர்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை. காத்திருந்த இருவரும் என் கையைப் பிடித்து, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னீர்களே, அதுவே பெரிசு என்றார்கள். ஏற்கெனவே பணம் போட்டிருந்த சுல்தான் பாயை நினைத்துத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. உன்னிடம் சொல்லிவிடுகிறேன், அவர் பணம் ஒன்றும் மூழ்கிப்போகவில்லை. உத்தரவாத வருடம் முடிந்த பிறகு, பேண்டேஜ் துணி வியாபாரி ஒருவர் குடோனில் பாதியை வாடகைக்கு எடுத்திருக்கிறார். வாடகையும் ஏறக்குறையப் பாதியாக வருகிறது. விற்கலாம் என்று அமுக்கினால், வாங்குபவருக்காகக் காத்திருக்கவும் என்று காட்டுகிறதாம். "நான் கொஞ்சந்தானே போட்டேன் பாய், செத்த நாள் பொறுத்துப் பாக்கேன்" என்கிறார். என் பேச்சைக் கேட்டுப் போட்டவர், ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. பிரகாஷும் இன்னும் கடைக்கு வந்து போகிறான். வந்தால் டீ வாங்கிக் கொடுக்கிறேன். கேட்டதற்கு அவன் பொய் சொல்லவில்லையே. கேட்காமல் இருந்தது நான்தான்.

இனி உனக்குக் கொஞ்சம் புத்தி சொல்ல வேண்டும், அத்தாவாக இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் கடிதத்தை முடிக்க முடியாது. மாப்பிள்ளை நல்லவர். நல்லவர்கள்தான் சந்தோஷத்தில் தனியாக முடிவெடுத்துவிடுவார்கள், நான் எடுத்த மாதிரி. அவர் ஏதாவது ஒன்றில் ஆசைப்பட்டு உன்னிடம் வந்து சொல்லும்போது, என்னிடம் சொன்னாயே, அதையே அவரிடமும் சொல். சேர்ந்து படிப்போமா என்று கேள். முடிவு அவர் நினைத்தபடி வந்தாலும் சரி, நீ நினைத்தபடி வந்தாலும் சரி, அப்படி எடுத்த முடிவில் யாருக்கும் தலைகுனிவு இருக்காது. நிக்காஹ்வில் மாப்பிள்ளை கொடுத்த மஹர் உன்னுடையது. உன் சம்பளம் உன்னுடையது. அதை வைத்து வீட்டுக்குச் செய், தாராளமாகச் செய், ஆனால் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யார் பேரில் இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவேளை அவர் உன்னைக் கேட்க மறந்துவிட்டால், உன் அம்மா மாதிரி ரசம் ஊற்றிக்கொண்டு இருக்காதே. சாப்பாடு முடிவதற்குள் சொல்லிவிடு.

அக்காளும் தங்கையும் அதற்கப்புறம் இடம் பார்த்த அழகை நீ பாதிதான் பார்த்தாய், மீதிக்குக் கல்யாண வேலை வந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னம்மா வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில், கீழே இரண்டு கடை, மேலே ஒரு வீடு. ஒரு கடையில் தையல்காரர், இன்னொன்றில் செல்போன் ரிப்பேர். என்னை வாசலில் நிறுத்திவிட்டு ரெண்டு பேரும் உள்ளே போனார்கள். உன் அம்மா தையல்காரரிடம் நேராகவே கேட்டாள்: "வாடகை எம்புட்டுக் குடுக்கீங்க? மழை பேஞ்சா ஒழுகுதா? நாங்க வாங்குனா இருப்பீகளா, போயிருவீகளா?" அவர், "ஒழுகும்மா, பின்னால ஒரு மூலையில ஒழுகும். அதைச் சரிபண்ணிக் குடுத்தா நான் ஏன் போறேன்?" என்றார். அந்த மூலையைக் காட்டியே விலையிலும் குறைத்துவிட்டாள். நீ சொல்லிவிட்டுப் போனபடி, அக்காளுக்கோ தங்கைக்கோ பின்னால் பணம் தேவைப்பட்டால் மற்றவள் எப்படி விலை வைத்து வாங்கிக்கொள்வது என்பதையும் முன்கூட்டியே ஒப்பந்தமாக எழுதி வைத்துக்கொண்டார்கள். சின்ன சச்சா அன்றைக்குப் பட்ட பாடு இவர்களுக்கு வராது.

இடத்துக்காரரின் தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால் பதிவு தள்ளிப்போய், கடைசியில் போன புதன்கிழமைதான் நடந்தது. முடிஞ்சதுன்னு உனக்குப் போனில் சொன்னோம். எப்படி முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை.

பதிவு அலுவலகத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. எங்கள் முறை வந்து உள்ளே போனதும், பத்திர எழுத்தர் தாள்களை விரித்து வைத்து, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, அம்மா, சட்டுனு போடுங்க, பின்னால ஆள் நிக்காங்க" என்று பேனாவை நீட்டினார். தோப்பு விற்ற அன்றைக்கு நான் விரலால் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டவள்தான் உன் அம்மா. பேனாவை வாங்கினாள். மூடியைப் போட்டு மேஜையில் வைத்தாள். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "வாசிச்சிட்டுப் போடுதேன்" என்றாள்.

எழுத்தர் என்னைப் பார்த்தார். பின்னால் ஒருவர் உச்சுக் கொட்டினார். பழைய ஆளாக இருந்தால், எல்லாம் நான் பார்த்தாச்சு, போடு என்று சொல்லியிருப்பேன். சொல்லவில்லை. முதல் பக்கத்திலிருந்து, வாய்விட்டே வாசித்தாள். நான்கு எல்லையையும் வாசித்தாள். எண்ணில் எழுதியிருந்ததையும் எழுத்தில் எழுதியிருந்ததையும் ஒத்துப்பார்த்தாள். அவள் பெயரும் தங்கை பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வந்த இடத்தில், "ஆளுக்குச் சரிபாதி" என்று ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படித்தாள். சின்னம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே உதட்டசைத்தாள். சார்பதிவாளர் மேடம் தலை நிமிர்ந்து பார்த்து, பின்னால் நின்றவரிடம், "இருங்க, அவங்க படிக்கட்டும்" என்றார்.

நான் சுவரோரமாக, அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உன் அத்தா